மலை பச்சையா, நீலமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், வீட்டுச் சுவர்களில் இயற்கைக் காட்சிப் படங்களை மாட்டி வைத்தால் மனம் அமைதி பெறும் என்று ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. அந்தக் கருத்தோடு எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் கட்டுரையோடு அச்சிட்டிருந்த படங்கள் அனைத்தும் பனி மூடிய சிகரங்களும், இலை சிவந்து நிற்கும் மேல்நாட்டு மரங்களும், பெயர் தெரியாத ஏரிகளுமாக இருந்தன. எந்தப் படம் எந்த அறைக்கு ஏற்றது, அதன் கீழே எந்த நிறச் சோபா பொருந்தும் என்பதிலேயே கட்டுரையின் பாதி கழிந்துவிட்டது. மதுரையில் ஒரு பள்ளியில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தவள் என்ற முறையிலும், கடந்த ஏழு மாதங்களாகப் படுக்கையில் இருக்கும் தாயைக் கவனித்து வருபவள் என்ற முறையிலும், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். இடம் போதாதென்றால் தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம். வேப்பிலையைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் தாய்க்கு வயது 84. கடந்த ஆவணியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. வைத்தியத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் படுக்க வைக்கும் அந்த வார்டில், கட்டிலுக்கு நேர் எதிரே, இடுப்பு மூட்டின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள். எலும்புக்குள் இறக்கிய கம்பியும் அதைப் பிடித்து நிற்கும் திருகாணிகளும் பளபளவென்று தெரிந்தன. என் தாய் கண் விழித்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். தனக்குள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பதை ஆறு நாளும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "அந்தப் படத்துக்கு மேல ஒரு துண்டைப் போடுங்கம்மா" என்று கேட்டதும் நடந்தது. நான் போட்டேன், செவிலியர் வந்து எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் நிலைமை மேம்படவில்லை. செல்லூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உள்ளறைக்கு ஒரே ஒரு சன்னல்தான். அதைத் திறந்தால் மூன்றடித் தொலைவில் பக்கத்து வீட்டின் பூசாத செங்கல் சுவர். மதுரையில் இது புதுமையன்று. நெருக்கமான தெருக்களில் வாழ்கிற பல குடும்பங்களுக்குச் சன்னல் என்பது காற்றுக்காக மட்டுமே இருக்கிறது, கண்ணுக்காக இல்லை. என் தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேச்சு குறைந்தது. பிசியோதெரபிக்கு வரும் பெண்ணிடம் காலைக் கொடுத்துவிட்டு, யாருக்கோ நடப்பது போலக் கிடந்தார். சாப்பாட்டில் இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு மனச்சோர்வு வருவது உண்டு என்று சொல்லி, அதற்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த மருந்து இன்றும் தொடர்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பி, அம்மாவின் மனம் தெளியட்டும் என்று, 1,450 ரூபாய் கொடுத்து ஓர் அருவிப் படம் வாங்கி வந்தான். விளக்குப் போட்டால் தண்ணீர் ஓடுவது போலத் தெரியும், பறவைச் சத்தமும் கேட்கும்; வாசகர்கள் பலர் வீட்டில் இதைப் பார்த்திருப்பார்கள். என் தாய் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எந்த ஊரு அருவி? குத்தாலமா?" என்றார். தம்பி, "இல்லம்மா, வெளிநாடு" என்றான். "அப்ப சரி" என்று மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அந்த "அப்ப சரி"யில் இருந்ததை என்னால் விளக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, உள்ளே சுற்றும் மோட்டாரின் இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதை நிறுத்தச் சொன்னார்.

பிறகு நானே வரைவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் ஆணி அடிக்க ஒப்ப மாட்டார், சுவரில் வண்ணம் பூசுவதை நினைக்கவே வேண்டாம். எனவே பெட்டிக்குள் இருந்த என் தந்தையின் பழைய நாலு முழ வேட்டியை எடுத்து, சோற்றுக் கஞ்சியில் சாக்பீஸ் பொடியைக் குழைத்து இரண்டு முறை பூசிக் காய வைத்து, துணி காயப் போடும் கொடிக்கம்பியில் கட்டிலுக்கு எதிரே தொங்கவிட்டேன். போஸ்டர் கலர் புட்டிகள் ஆறும் தட்டைத் தூரிகை ஒன்றுமாகச் செலவு 300 ரூபாயைத் தாண்டவில்லை. என் தாய் பிறந்தது அழகர்மலையின் தெற்கு அடிவாரத்தில் ஒரு சிற்றூர். பதினேழு வயதில் மதுரைக்கு மருமகளாக வந்தவர். எனவே அழகர்மலையை வரையலாம் என்று கரித்துண்டால் கோடு போட்டு, மலைக்கு நல்ல பச்சையாகப் பூசி, பழக்கதோஷத்தில் இரண்டு முகடுகளுக்கு நடுவே ஒரு சூரியனையும் வைத்துவிட்டேன்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவரிடமும் இயற்கைக் காட்சி ஒன்று வரையச் சொன்னால் அநேகமாக இதே படம்தான் வரும் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதிச் சூரியன், அதன் காலடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து வளைகோட்டுப் பறவைகள். நான் அதைத்தான் 31 ஆண்டுகள் கற்றுக் கொடுத்தேன். ஒத்தக்கடையிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகள், படுத்திருக்கும் யானையைப் போலவே கிடக்கும் யானைமலையைத் தினமும் கடந்து வந்து, வகுப்பில் உட்கார்ந்து முக்கோண மலையை வரைந்தார்கள். நான் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டேன்.

வேட்டியைப் பார்த்ததும் என் தாய் தலையைத் திருப்பவில்லை. சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏத்தா, மலை நமக்கு வடக்கால இருக்கு. அதுக்கு நடுவுல சூரியன் எப்படி வரும்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. சூரியனை அழித்தேன். மறுநாள், "மலை பச்சையாவா இருக்கு? கிட்டப் போனாத்தான் பச்சை. நம்ம களத்துல இருந்து பாத்தா நீலமாத்தான் தெரியும்" என்றார். அது முற்றிலும் சரி. தொலைவிலிருக்கும் மலைக்கும் நம் கண்ணுக்கும் இடையே உள்ள காற்று நீல ஒளியைச் சிதற வைப்பதால், எவ்வளவு அடர்ந்த காடாக இருந்தாலும் தூரத்தில் நீலம் பூசியது போலவே தோன்றும். இதை நான் பாடமாகவே படித்தவள், ஆனால் ஒரு முறையும் அழகர்மலையை நிமிர்ந்து பார்த்து நிறம் கலக்கவில்லை. நீலத்தோடு வெள்ளையும் துளி கறுப்பும் கலந்து மறுபடி பூசினேன். "இன்னும் கொஞ்சம் வெளுப்பா" என்றார். அன்று சாயங்காலம் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு திருத்தங்கள் ஓயவே இல்லை. கண்மாய் மலைக்கு இந்தப் பக்கம், மிகுநீர் வழியும் கலுங்கு கிழக்கோரம், மடைக்குப் பக்கத்தில் ஒரு நாவல் மரம், அதற்குக் கீழே துணி துவைக்கும் கல். கரையில் பனை எத்தனை என்பதில் அவருக்கும், பார்க்க வந்த என் சித்திக்கும் இடையே ஒரு மத்தியானம் முழுக்க வாக்குவாதம் நடந்தது. என் தாய் ஏழு என்றார். சித்தி, இடி விழுந்த ஒன்றைக் கழித்து ஆறு என்றார். கடைசியில் ஆறு பனையும் ஒரு மொட்டையும் வரைந்தேன். கொக்குகளை மட்டும் அவரே வரைவதாகச் சொன்னார். தூரிகையைப் பிடிக்க மறுத்துவிட்டார். ஊறவைத்த அரிசியை அரைத்துத் தரச் சொல்லி, சின்னத் துணித்துண்டை அந்த மாவுக்கரைசலில் நனைத்து, மோதிர விரல் வழியாகச் சொட்டவிட்டு இழைகோலம் போடுவார்களே, அதே முறையில், மடியில் விரித்த வேட்டியின் மேல் ஒரு வளைவு, ஒரு கழுத்து, இரண்டு கால் என்று இழுத்தார். அறுபது ஆண்டுகள் வாசலில் கோலம் போட்ட விரல்; முதல் கொக்கு நடுங்கியது, மூன்றாவது கொக்கு நன்றாகவே நின்றது. பதினோரு கொக்குகள். அந்த முக்கால் மணி நேரமும் அவர் இடுப்பு வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இது ஒரு வீட்டின் அனுபவந்தானே என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆய்வாளர்கள் இதைப் பற்றிச் சொல்லியிருப்பதில் நான் படித்து உறுதி செய்துகொண்டவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஆராய்ந்து, 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேரும், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த 23 பேரும் வயது முதலியவற்றால் ஒத்தவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளைக் குறைவாகவே வாங்கிக்கொண்டார்கள். செங்கல் சுவர் என்று படித்தபோது எங்கள் உள்ளறையின் சன்னல்தான் என் நினைவுக்கு வந்தது. அதே ஆய்வாளரும் உடனிருந்தோரும் சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கண்ணெதிரே படங்களை வைத்துப் பார்த்து, 1993-இல் முடிவை அறிவித்தார்கள். மரமும் நீரும் உள்ள காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. நேர்கோடுகளால் ஆன அருவப் படத்தைப் பார்த்தவர்களுக்கோ, படமே இல்லாதவர்களைக் காட்டிலும் பதற்றம் கூடியது. திருகாணிப் படத்தை ஒட்டியவர்கள் இதைப் படித்தால் நல்லது.

ஆனால் படம் எதுவானாலும் பயன் தரும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட சோதனையில் 90 பேர் கலந்துகொண்டார்கள். சிலருக்கு மரமும் நீரூற்றும் தெரியும் கண்ணாடிச் சன்னல், சிலருக்கு அதே காட்சியை நேரடியாகக் காட்டும் பெரிய திரை, சிலருக்கு வெறும் சுவர். மன அழுத்தத்துக்குப் பிறகு இதயத் துடிப்பு நிதானத்துக்கு வருவதில் உண்மையான சன்னல் உதவியது. அதில் திரையோ வெறும் சுவரைவிட மேலாக இல்லை. தம்பி வாங்கி வந்த அருவி ஏன் தோற்றது என்பதற்கு இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுபக்கம், பிலடெல்பியாவில் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரைக் களிமண், பேனா, ஒட்டுப்படம் என்று தாம் விரும்பியதில் 45 நிமிடம் ஈடுபட வைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற சுரப்பின் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய அந்தச் சுரப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குக் குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. "எனக்கு வரைய வராது" என்று சொல்பவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டுகிறேன். இவை சிறிய ஆய்வுகள், வேறு நாட்டில் வேறு மக்களிடம் நடந்தவை. இருந்தாலும், மாட்டிய படத்தைவிட வரைந்த படமும், ஏதோ ஓர் ஊரின் இயற்கையைவிடத் தான் கண்டு வளர்ந்த இயற்கையும் மனத்துக்குள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று நான் என் தாயிடம் கண்டதற்கு, இவை முரணாக இல்லை.

வேப்பிலைக்கு வருகிறேன். எங்கள் வளவில் குடியிருக்கும் தையற்காரர் ஒருவரின் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். காலை ஐந்து மணிக்குச் சிறப்பு வகுப்பு, மாலை பயிற்சி வகுப்பு, இரவு மாதிரித் தேர்வு. கார்த்திகையில் ஒரு நாள், படிக்க உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது, எழுத்தெல்லாம் ஓடுகிறது என்று அழுதுகொண்டு வந்தாள். தினமும் கால் மணி நேரம் என் தாயின் அறையில் உட்கார்ந்து ஓர் இலையை வரைந்துவிட்டுப் போ, செல்பேசியை வெளியே வைத்துவிடு என்றேன். முதல் நாள் வேப்பிலையைப் பறித்துக் கொடுத்தேன். எல்லோரும் செய்வது போல ஒரு நடுக்கோடு போட்டு, இரு பக்கமும் ஒரே மாதிரி வளைத்து, ஓரத்தில் பல் வைத்தாள். இலையைப் பார்க்காமல் வரைந்திருக்கிறாய் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நாலாம் நாள் அவளே வந்து, "டீச்சர், நடு நரம்பு நடுவுல இல்ல" என்றாள். வாங்கிப் பார்த்தேன். வேம்பின் ஒவ்வொரு சிற்றிலையும் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும், அரிவாள் போலச் சற்றே வளைந்தும் இருக்கிறது. அடியில் இரு பக்கமும் ஒரே இடத்தில் தொடங்குவதுகூட இல்லை. வேப்ப மரத்தடியில் பிறந்து, மாரியம்மன் திருவிழாவில் வேப்பிலை கட்டி, அம்மை போட்டபோது வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, 31 ஆண்டுகள் வேப்பிலை வரையச் சொல்லிக் கொடுத்த எனக்கு அன்றுதான் அது தெரிந்தது. அவளுடைய படபடப்பு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தேர்வு நெருங்கும்போது மறுபடி வந்தது. பள்ளியில் ஆலோசகரைப் பார்க்கவும், தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை அவள் விடவில்லை. புங்கு, பூவரசு, அரசு என்று இதுவரை இருபதுக்கு மேல் இலைகள் வேட்டிக்குக் கீழே வரிசையாகக் கிளிப்பில் தொங்குகின்றன.

வீட்டுக்குள் செடிகொடியை வரைவது நமக்குப் புதிதும் அன்று. சங்கப் பாட்டான நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் அரண்மனையை வருணிக்கும்போது, சுண்ணச் சாந்து பூசிச் செம்பால் செய்தது போல நின்ற சுவரில் பல பூக்களையுடைய ஒரு கொடியை எழுதியிருந்தார்கள் என்று சொல்கிறது. அதே பாட்டில் இன்னொரு படமும் வருகிறது. அரசியின் கட்டிலுக்கு மேலே கட்டிய விதானத்தில், நிலவை விட்டுப் பிரியாத உரோகிணியை வரைந்திருக்கிறார்கள். போருக்குப் போன கணவனைப் பிரிந்திருக்கும் அரசி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கண்ணீர் சிந்துகிறாள். படம் ஆறுதல் தரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த இடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். எதைப் படுக்கைக்கு மேலே வைக்கிறோம் என்பது யார் படுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. என் தாயின் வேட்டியிலும் இந்த ஆபத்து இருந்தது. பிறந்த வீட்டுக் களத்தை வரையட்டுமா என்று நான் கேட்டபோது, "அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். காரணத்தை நான் கேட்கவில்லை. சித்தன்னவாசல் குகைக் கோயிலின் கூரையில் தாமரைக் குளம் ஒன்றை வரைந்திருப்பதை இன்றும் காண்கிறோம்; பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் 'மதுரை ஆசிரியன்' இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. மீனும் வாத்தும் யானையும் எருமையும் பூப் பறிப்பவரும் ஒரே குளத்தில் கலந்து நிற்கும் அந்தக் கூரையைக் காட்ட மாணவிகளை இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறேன். மதுரை ஆசிரியன் என்ற பட்டத்தைப் படித்துக் காட்டும்போது எனக்கு ஒரு சின்னப் பெருமை வந்ததை மறைப்பானேன்.

நம் பெண்களுக்கு இது தினசரிப் பழக்கமாகவே இருந்தது. விடியற்காலையில் குனிந்து, மூச்சை அடக்கி, புள்ளிக்குப் புள்ளி இழையை வளைத்துத் தாமரையையும் மயிலையும் கொண்டுவரும் அந்தப் பத்து நிமிடத்தில் வேறு நினைப்புக்கு இடம் இல்லை. மார்கழியில் சாணத்தில் செருகிய பூசணிப் பூவோடு அது முடியும். இப்போது எங்கள் தெருவில் பாதி வாசல்களில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்களைச் சொல்லவில்லை, அவர்களுக்கு வாசலே இல்லை. வாசல் உள்ளவர்களே ஒட்டுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். நிற்பவரின் கண் உயரத்துக்கு மாட்டிய படம் படுத்திருப்பவருக்குத் தெரியாது. நோயாளியின் தலையணையில் நீங்கள் தலை வைத்துப் பார்த்துவிட்டு உயரத்தைத் தீர்மானியுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டால் டியூப்லைட்டின் வெளிச்சம் பட்டுக் கூசும், படத்துக்குப் பதில் விளக்குதான் தெரியும். ஐப்பசி மழையில் எங்கள் சுவர் ஓதம் ஏறி வேட்டியின் அடிப்பாகத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, கண்மாயின் தென்கரை முழுவதையும் கழுவித் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. சுவரை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுவது நல்லது. வண்ணம் வாங்க முடியாவிட்டால் அடுக்களையே போதும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு, சங்குப்பூவைக் கொதிக்க வைத்தால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா, தேக்கின் கொழுந்தைக் கசக்கினால் இரத்தச் சிவப்பு. இவை சில வாரங்களில் மங்கிவிடும். மங்கினால் மறுபடி பூசலாம், அதுவும் ஒரு வேலைதானே. எல்லாவற்றுக்கும் மேலாக, வரைகிறவர் பார்க்கிறவரிடம் கேட்டுக்கொண்டே வரைய வேண்டும். தவறாக வரைந்தால் இன்னும் நல்லது. என் தாயை வாய் திறக்க வைத்தது நான் தவறான இடத்தில் வைத்த சூரியன்தான்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. ஞாயிறு இணைப்பில் விற்பனைக்குள்ள படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் உள்ளங்கை அளவு இடத்தை, வாசகர்கள் தங்கள் ஊர் மலையையோ கண்மாயையோ வாசல் மரத்தையோ நேரில் பார்த்து வரைந்து அனுப்பும் படத்துக்குத் தர முடியுமா? கீழக்குயில்குடியில் சமணர் மலைக்குக் கீழே தாமரைக் குளம் இருக்கிறது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பாறைக் குன்றுகளின் வடிவம் மதுரைக்காரர்களில் எத்தனை பேருக்குக் கையில் வரும்? பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு சொல்: ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தை, பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளில்கூட, தயவு செய்து நிறுத்துங்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் அப்படிக் கொடுத்த வகுப்புகள் ஒன்றுகூட எனக்குத் திரும்பி வந்ததில்லை.

என் தாய் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளறையிலிருந்து திண்ணை வரை நடக்கிறார். வேட்டியில் இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது. கலுங்கின் மேல் எப்போதும் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும் என்கிறார். அதன் மார்பு வெள்ளையா, பழுப்பா என்பதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. புத்தகத்தைப் பார்த்து வரைந்துவிடுகிறேன் என்றேன், கூடாதாம். சித்திரையில் ஆட்டோவில் ஏறி உட்கார முடிந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். அதுவரை அந்த மூலையை வெள்ளையாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
செல்லூர், மதுரை.